பேர் பொட்டலத்துக்கா, புண்ணாக்குக்கா?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் கையேட்டில் காய்கறிப் பகுதியைப் புரட்டினால் ஒரு பரிந்துரை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். எக்டருக்கு 2 கிலோ அசோஸ்பைரில்லம், 2 கிலோ பாஸ்போபாக்டீரியா, 2.5 கிலோ சூடோமோனாஸ். இதையெல்லாம் 50 கிலோ தொழு உரம், 100 கிலோ வேப்பம் புண்ணாக்கோடு கலந்து கடைசி உழவுக்கு முன்னால் போட வேண்டும். பல பயிர்களுக்கு ஏறக்குறைய இதே சங்கதிதான். வேளாண் இதழ்கள் இதை எடுத்துப் போடுகின்றன, மருந்துக் கடைக்காரர் மனப்பாடமாகச் சொல்கிறார், யூடியூபில் நுண்ணுயிர் வீடியோ போடுகிறவர்கள் கொஞ்சம் வெல்லம் சேர்த்துச் சொல்கிறார்கள்.

இந்தப் பதிவு அந்த ஒரு பரிந்துரையைப் பற்றியது. அது தப்பு என்று சொல்ல வரவில்லை. மண்ணுக்குத் தீனியும் மண்ணுக்கு ஆளும் அதில் ஒரே வாக்கியத்தில் கலந்து கிடக்கின்றன. பலன் வந்தால் எதனால் வந்தது என்று போட்டவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது. கையில் காசு இருக்கிற வரைக்கும் இது பெரிய விஷயமில்லை. காசு குறைகிற வருஷம் இந்தத் தெரியாமை விவசாயி தலையில்தான் விடியும். அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் மாதிரி ஊர்களை மனசில் வச்சுத்தான் இதை எழுதுகிறேன். காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயிலும்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். ஊரைத் தாண்டினால் ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த நெல் நாடு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவத்துக்கே தனிப் பெயர் வைத்திருக்கிற மண். இங்கே கழனி என்றால் நெல், கொல்லை என்றால் மற்றது. போர் தண்ணீர் வந்த பிறகு கொல்லை காய்கறிக்குப் போனது, சில இடங்களில் கழனியும் கூடவே போனது. கோயம்பேடு ஒரு ராத்திரிப் பயணம்கூட இல்லை. கத்திரி எடுத்ததும் தக்காளி, தக்காளி முடிந்ததும் மிளகாய், நடுவில் ஒரு வெண்டை. "பயிரை மாத்தி மாத்திதான் வைக்கிறேன்" என்பார்கள். ஆனால் கத்திரியும் தக்காளியும் மிளகாயும் ஒரே குடும்பம். வேர்முடிச்சு நூற்புழுவைப் பொறுத்தவரை இது மூன்று பயிரில்லை, ஒரே பந்தியில் மூன்று இலை. நாலாவதாக வருகிற வெண்டையும் அதற்குப் பிடித்த சாப்பாடுதான்.

மூன்றாவது நாலாவது வருஷம் ஆரம்பிக்கும். காலையில் நன்றாக நிற்கிற செடி மத்தியானம் துவண்டுபோகும், சாயங்காலம் எழுந்துகொள்ளும். பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு. பக்கத்துச் செடியில் முடிச்சே இல்லை, ஆனாலும் ஒரே ராத்திரியில் பச்சையாகவே வாடிவிட்டது. அது ரால்ஸ்டோனியா என்கிற பாக்டீரியா வாடல். தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டால் பால் மாதிரி இழை இறங்கும். உரத்தைக் கூட்டினாலும் விளைச்சல் ஏறாது. அந்தக் கட்டத்தில்தான் நுண்ணுயிர்ப் பொட்டலம் கொல்லைக்குள் வருகிறது. அந்தப் பக்கத்துக் கத்திரிக்காரர் ஒருவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை: "போட்டா ஒண்ணும் தெரியல சார். போடாம உட்டா பயமா கீது."

அந்தப் பயத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006-இல் உயிர் உரங்கள் சேர்க்கப்பட்டன. அதன்படி தூள் வடிவ உயிர் உரத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல் இருக்க வேண்டும், திரவத்தில் ஒரு மில்லிக்கு 10 கோடி. தகரக் கூரைக் கடையில் சித்திரை வெயில் பட்ட பொட்டலத்தில் அவ்வளவு இருக்குமா என்பது வேறு விஷயம். இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 2 கிலோ பொட்டலம் என்றால் மொத்தம் 10,000 கோடி செல். கேட்கவே பிரமாதமாக இருக்கிறது. ஒரு எக்டரில் மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 20 லட்சம் கிலோ. கிராமாக மாற்றினால் 200 கோடி. வகுத்துப் பாருங்கள்: ஒரு கிராம் மண்ணுக்கு 50 செல்.

அந்த ஒரு கிராம் மண்ணில் ஏற்கனவே குடியிருக்கிற பாக்டீரியா எத்தனை? சுமாரான மண்ணில்கூட 10 கோடி. நல்ல மண்ணில் 100 கோடி வரைக்கும் போகும். 10 கோடிப் பேர் இருக்கிற ஊருக்கு 50 பேரை அனுப்பி, இவர்கள் ஊரையே திருத்துவார்கள் என்கிறோம். ஆத்துல கரைச்ச புளி என்று இதைத்தான் சொல்வார்கள்.

இதற்கு உடனே ஒரு பதில் வரும், நியாயமான பதில்: "பாக்டீரியா பெருகும் சார், 50 நாளைக்கு 50 லட்சம் ஆகும்." பெருகும், தீனி இருந்தால். காலி வயிற்றில் எதுவும் பெருகாது. மண்ணில் இருக்கிற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை எந்த நேரமும் அரைப் பட்டினியில்தான் கிடக்கின்றன. வேர் கசிகிற சர்க்கரையும் மக்குகிற எருவும்தான் அவற்றுக்குச் சோறு. புதுசாக வருகிற 50-ம் அந்தச் சோற்றுக்குத்தான் 10 கோடியோடு போட்டி போட வேண்டும். அது மட்டுமில்லை, பாக்டீரியாவைத் தின்கிற ஒருசெல் உயிர்களுக்கும் நூற்புழுக்களுக்கும் தப்பிக்க வேண்டும் (எல்லா நூற்புழுவும் வேரைத் தின்பதில்லை, பாக்டீரியா தின்கிற சாதுக்களே மண்ணில் அதிகம்). வெளியிலிருந்து விட்ட பாக்டீரியாவின் எண்ணிக்கை சில வாரங்களில் சரிந்துவிடுவதை மண் நுண்ணுயிரியல் பல பத்தாண்டுகளாகப் பார்த்து வருகிறது.

இப்போது பரிந்துரையின் மறுபாதியைப் பார்ப்போம். வேப்பம் புண்ணாக்கு 100 கிலோ. அதில் தழைச்சத்து சுமார் 5 சதவீதம், ஆக 5 கிலோ தழைச்சத்து. யூரியாவின் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி ஓடிப்போவதையும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். நூற்புழுவுக்கு ஆகாத பொருட்கள் அதில் உண்டு, மக்கும்போது வருகிற அம்மோனியாவும் அதற்கு ஆகாது. இது போக, அடியுரமாக எக்டருக்கு 25 டன் தொழு உரம் என்று அதே கையேடு கத்திரிக்கும் தக்காளிக்கும் தனியாகச் சொல்கிறது. அரை சதவீதம் தழைச்சத்து என்று வைத்தாலே 125 கிலோ ஆகிறது. மண்ணில் இருக்கிற அந்த 10 கோடிக்கும் பல மாதச் சோறு. இவ்வளவையும் போட்டுவிட்டு மேலே ஒரு பொட்டலத்தையும் தூவினால், கத்திரி செழிப்பாக வந்ததும் பேர் யாருக்குப் போகும்? பொட்டலத்துக்குத்தான். எரு பழசு, பொட்டலம் புதுசு. புதுசாகச் செய்ததைத்தான் மனசு காரணமாகப் பிடித்துக்கொள்ளும்.

இந்தச் சிக்கலை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்த ஒரு ஆய்வு உண்டு. 1980-களில் ஜப்பானின் ஒகினாவாவில் ரியூக்யூ பல்கலைக்கழகத் தோட்டக்கலைப் பேராசிரியர் தெருவோ ஹிகா இ.எம். என்ற நுண்ணுயிர்க் கலவையைக் கொண்டுவந்தார். உலகம் முழுக்கப் பரவியது, நம்மூரிலும் வெல்லம் போட்டு ஊறவைக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் சூரிச் பக்கம் 2003-இலிருந்து 2006 வரை நான்கு ஆண்டு வயலில் அதைச் சோதித்தார்கள், முடிவு 2010-இல் வெளியானது. அவர்கள் செய்த ஒரு காரியம்தான் முக்கியம். இ.எம். தெளித்த பாத்தி, தெளிக்காத பாத்தி என்று இரண்டோடு நிற்கவில்லை. இ.எம். கரைசலையும் அதில் ஊறிய பொகாஷி உரத்தையும் அழுத்தக் கொதிகலனில் வேகவைத்து, உள்ளே இருந்த உயிரையெல்லாம் கொன்றுவிட்டு, அந்தச் செத்த சரக்கை மூன்றாவது பாத்தியில் போட்டார்கள். உயிருள்ளதும் செத்ததும் ஒரே பலன். பலன் வந்த இடத்தில் அது பொகாஷியின் சத்தால் வந்தது, நுண்ணுயிரால் வந்தது என்று காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

இதை வைத்து "நுண்ணுயிர் எல்லாம் பொய்" என்று கிளம்புகிறவர்களும் உண்டு. சூரிச் குளிர் நாடு, அங்கே போட்டது உருளையும் பார்லியும் கோதுமையும். காஞ்சிபுரம் செம்மண் கொல்லையில் கத்திரிக்கு அதே முடிவுதான் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். நான் எடுத்துக்கொள்வது அவர்கள் கேட்ட கேள்வியை. நம்மூர்ச் செயல்விளக்கத் திடல்களில் நான் பார்த்தவரை இரண்டே பாத்திதான்: எல்லாம் போட்டது, எதுவும் போடாதது. செத்த பொட்டலத்தை யாரும் போடுவதில்லை. எருவும் புண்ணாக்கும் மட்டும் போட்ட பாத்திகூட இருப்பதில்லை.

ஒரு விரிவாக்க அலுவலரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "விவசாயிக்கு எது வேலை செஞ்சுதுன்னு வேணாம் சார், வேலை செஞ்சா போதும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். கத்திரி விலை விழுந்துவிட்டது, கையில் பாதிக் காசுதான் இருக்கிறது. எதை விடுவார்? எரு ஒரு டிராக்டர் லோடு என்ன விலை, புண்ணாக்கு மூட்டை என்ன விலை, பொட்டலம் என்ன விலை! மூன்றில் மலிவு பொட்டலம். அதில்தான் சக்தி இருக்கிறது என்று வேறு சொல்லி வைத்திருக்கிறோம். ஆகவே பொட்டலத்தை வைத்துக்கொண்டு எருவையும் புண்ணாக்கையும் விடுவார். வேலை செய்தது எதுவோ அது போய்விட்டது, பேர் வாங்கினது மட்டும் மிச்சம். குத்தகைக்கு எடுத்தவர் என்றால் இன்னும் சீக்கிரம் நடக்கும். அடுத்தவர் மண்ணில் எருவைக் கொட்ட யாருக்கு மனசு வரும்?

இதே கணக்கை இன்னொரு பக்கமும் நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தை மட்டும் அடித்தது போலாகிவிடும். சுபாஷ் பாலேக்கரின் ஜீவாமிர்தம்: ஏக்கருக்கு 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண், 200 லிட்டர் தண்ணீர். இதில் இருக்கிற தழைச்சத்தைத் தாராளமாகக் கூட்டினாலும் கால் கிலோவைத் தாண்டாது. கத்திரி ரகங்களுக்குப் பல்கலைக்கழகம் சொல்வது ஏக்கருக்கு 40 கிலோ. "இது உரமில்லை, உறைமோர்" என்பதுதான் ஜீவாமிர்த ஆட்களின் பதில். சரி, உறைமோர் என்றே வைத்துக்கொள்வோம். உறைமோர் வேலை செய்யப் பால் வேண்டாமா? அந்தப் பால் பாலேக்கர் முறையிலேயே இருக்கிறது, அதற்குப் பேர் மூடாக்கு. அவர் சொல்கிற நான்கு தூண்களில் ஒன்று அது. ஜீவாமிர்தத்துக்கு மாறுகிறவர் கூடவே வைக்கோல், சருகு, களைச்செடி எல்லாவற்றையும் மண்ணில் மூட ஆரம்பிக்கிறார், உழவைக் குறைக்கிறார், ஊடுபயிராகப் பயறு விதைக்கிறார். மண் மாறுகிறது. பேர் டிரம்முக்குப் போகிறது.

2019 ஜூலை பட்ஜெட் உரையில் நிர்மலா சீதாராமன் ஜீரோ பட்ஜெட் விவசாயத்தைக் குறிப்பிட்டதும், அது நிரூபிக்கப்படாத முறை என்று தேசிய வேளாண் அறிவியல் அகாடமி எதிர்த்ததும் நினைவிருக்கலாம். அந்தச் சண்டையை அப்போது ஆர்வமாகப் படித்தேன். ஒரு தரப்பு மாடு பற்றிப் பேசியது, மறு தரப்பு நாட்டின் உணவுப் பாதுகாப்பு பற்றிப் பேசியது. டிரம்மில் இருக்கிறதைக் கொதிக்கவைத்து ஊற்றினால் என்ன ஆகும் என்று இரண்டு தரப்பிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. "நிரூபிக்கப்படாதது" என்று அகாடமி சொன்ன சொல் உயிர் உரப் பொட்டலத்துக்கும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதும் அங்கே பேசப்படவில்லை.

நுண்ணுயிர்களுக்கு நான் எதிரி இல்லை. அசோஸ்பைரில்லம் நல்ல பாக்டீரியா. ஸ்பைரில்லம் லிப்போஃபெரம் என்று பெய்ஜெரின்க் 1925-இல் பெயரிட்டது, ஐம்பது வருஷம் கழித்துப் பிரேசிலில் ஜொஹன்னா டோபரெய்னர் கையில் மறுவாழ்வு பெற்றது. காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கும் என்றுதான் அதைக் கொண்டாடினோம், பொட்டலத்திலும் அதுதான் போட்டிருக்கும். இப்போது ஆய்வாளர்கள் பலர் சொல்வது வேறு. அது ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கிறது, வேர் கிளைக்கிறது, கிளைத்த வேர் தண்ணீரையும் சத்தையும் கூடுதலாக எடுக்கிறது. உலகம் முழுக்க இருபது வருஷ வயல் சோதனைகளைத் தொகுத்து 1994-இல் வெளியான மதிப்பீட்டில் 60 முதல் 70 சதவீதச் சோதனைகளில்தான் பலன் தெரிந்தது. பலன் தெரிந்த இடங்களில் விளைச்சல் 5 முதல் 30 சதவீதம் கூடியது. மோசமான எண்ணிக்கை இல்லை. ஆனால் மூன்றில் ஒரு தடவை ஒன்றும் நடக்காத ஒரு பொருளை அப்படித்தான் சொல்லி விற்க வேண்டும். பொட்டலத்தில் அப்படி யாரும் அச்சடிப்பதில்லை.

எங்கே போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 400 கிராம் தக்காளி விதைக்கு 40 கிராம் அசோஸ்பைரில்லம் என்ற விதை நேர்த்தி அளவை எடுத்துக்கொள்வோம். 40 கிராமில் 200 கோடி செல். தக்காளி விதை ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 300, ஆக 1,20,000 விதை. ஒரு விதைக்கு 16,000 செல்லுக்கு மேல் வருகிறது. வேர் முளைக்கிற வாசலிலேயே 16,000 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், போட்டிக்கு ஆள் வருவதற்கு முன்னாலேயே. வயல் முழுக்கத் தூவினால் கிராமுக்கு 50. ஒரே பொட்டலம்தான். விதையிலும் குழித்தட்டிலும் நடவுக்கு முன் நாற்றின் வேரை நனைப்பதிலும் பொட்டலத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. டால்க் பவுடரில் சூடோமோனாஸைக் கலந்து விதைக்குப் பூசுகிற முறையைக் கோவையில் 1990-களில் உருவாக்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் விதையோடுதான் தொடங்கினார்கள். கையேட்டில் விதை நேர்த்தியும் இருக்கிறது, வயலில் தூவுவதும் இருக்கிறது, இரண்டும் ஒரே எடை உள்ள பரிந்துரை மாதிரி.

நடைமுறையில் விதை நேர்த்தி நடப்பதே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. வீரிய ஒட்டு விதை கம்பெனியிலிருந்து வரும்போதே பூஞ்சைக்கொல்லி பூசி, ரோஸ் கலரில் வருகிறது. அதன் மேல் டிரைக்கோடெர்மாவைப் பூசுவது, எலி மருந்து வைத்த அறையில் எலி வளர்க்கிற மாதிரி. அதுகூட இப்போது இல்லை. முக்கால்வாசிப் பேர் நாற்றாகவே நர்சரியில் வாங்குகிறார்கள். நடவு முடிந்து கொஞ்சம் வாடல் தெரிந்ததும் கார்பன்டசிம் ஊற்றுகிறார்கள். டிரைக்கோடெர்மாவுக்கு அது நஞ்சு. போன வாரம் காசு கொடுத்து விட்ட பூஞ்சையை இந்த வாரம் காசு கொடுத்துக் கொல்வது என்பது காய்கறிக் கொல்லையில் சாதாரணமாக நடக்கிறது. கடையில் இரண்டையும் ஒரே பில்லில் போட்டதையும் பார்த்திருக்கிறேன்.

திரும்பத் திரும்ப ஒரே பயிர் வைத்தால் மண் கெட்டே தீரும் என்பதும் முழு உண்மையில்லை. கோதுமையில் டேக்-ஆல் என்று ஒரு வேர் நோய். தொடர்ந்து கோதுமையே போட்டால் முதல் சில வருஷம் நோய் ஏறிக்கொண்டே போகும், பிறகு தானாகவே இறங்கிவிடும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் குக், வெல்லர் போன்றவர்கள் காரணத்தைத் தேடிப் போனார்கள். அந்த மண்ணில் ஒரு வகை சூடோமோனாஸ் வேர்களில் பெருகி, நோய்ப் பூஞ்சைக்கு ஆகாத ஒரு பொருளைச் சுரக்கிறது. ஒரு கிராம் வேருக்கு ஏறக்குறைய 1 லட்சம் என்ற எண்ணிக்கையை எட்டினால்தான் தடுப்பு தெரிகிறது, அதற்குக் கீழே இருந்தால் இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்த எண்ணிக்கையை மண்ணே பல வருஷம் எடுத்து வளர்த்துக்கொண்டது. யாரும் பொட்டலம் வாங்கிப் போடவில்லை. கத்திரிக்கு இப்படி ஒன்று நடக்கும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. நாலு வருஷம் நஷ்டம் தாங்க நம்மால் முடியாது, வேர்முடிச்சு நூற்புழு அவ்வளவு லேசில் இறங்கும் என்றும் நம்ப இடமில்லை. ஆனால் தடுப்பு என்பது எண்ணிக்கையில் இருக்கிறது, எண்ணிக்கை தீனியில் இருக்கிறது என்பதை அந்தக் கோதுமை வயல் காட்டிவிட்டது.

காஞ்சிபுரத்துக் கழனியில் இதைவிட நேரடியான ஒன்று இருந்தது. சம்பா நெல். கழனியில் மூன்று நான்கு மாதம் தண்ணீர் நிற்கிறது, சேற்றுக்குள் காற்று போவதில்லை. காய்கறியைப் பிடிக்கிற வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் ஃபியூசேரியம் பூஞ்சைக்கும் அது கெட்ட காலம், பாக்டீரியா வாடலும் தணியும். சம்பா அறுத்த கழனியில் கத்திரி வைத்தவர்கள் "நெல்லுக்குப் பின்னால போட்டா நல்லா வரும்" என்று சொன்னதற்குப் பின்னால் இது இருந்தது. ஏரி நிரம்புவதும் நெல் நடுவதும் மண் வைத்தியம் என்று யாரும் கணக்கில் எழுதவில்லை. கணக்கில் இல்லாததால், போர் போட்டு வருஷம் முழுக்கக் காய்கறி என்று மாறியபோது எதை இழக்கிறோம் என்றும் தெரியவில்லை. இன்றைக்கு நுண்ணுயிர்ப் பொட்டலத்திடம் நாம் எதிர்பார்ப்பது அந்த நாலு மாதத் தண்ணீர் செய்த வேலையை. 2 கிலோ தூள் அதைச் செய்யாது.

தண்ணீர் நிறுத்த முடியாத மேட்டுக் கொல்லைக்கு வேறு வழி பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நூற்புழு என்றால் பெரும்பாலும் பேச்சு மெலாய்டோகைன் இன்காக்னிட்டா பற்றித்தான். அந்த இனம் வேர்க்கடலையில் பெருகாது. காஞ்சிபுரம் கொல்லைக்கு வேர்க்கடலையை யாரும் புதுசாகச் சொல்லித்தர வேண்டாம். கத்திரிக்கும் தக்காளிக்கும் நடுவில் ஒரு பருவம் அது வந்தால் புழுவுக்குச் சாப்பாடு அறுந்துபோகும். துலுக்கச் சாமந்தியும் அந்த வேலையைச் செய்யும், மாலைக்கும் விலை போகும், காஞ்சிபுரத்தில் மாலைக்கா பஞ்சம்? கத்திரிதான் வைப்பேன் என்கிறவருக்குச் சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டிய நாற்று கிடைக்கிறது. வத்தக்குழம்பில் போடுகிற அதே சுண்டைதான். பாக்டீரியா வாடலையும் வேர்முடிச்சுப் புழுவையும் நன்றாகத் தாங்குகிற வேர் அதற்கு. நாற்று விலை கூடத்தான், ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம்.

மண்ணுக்குத் தீனி விஷயத்தில் ஒரு நேர்மையான சங்கடம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. எக்டருக்கு 25 டன் தொழு உரம் என்று கையேட்டில் எழுதுவது சுலபம். ஒரு மாடு வருஷத்துக்கு 2, 3 டன் எரு கொடுத்தாலே பெரிது. ஒரு ஏக்கர் காய்கறிக்கே நாலு மாடு வேண்டும். உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிஷின் என்று ஆன பிறகு அந்த நாலு மாடு எங்கே? பொட்டலத்தின் கவர்ச்சியே இங்கேதான் பிறக்கிறது. எரு இல்லாத வீட்டுக்கு எருவின் பலனை 2 கிலோவில் தருகிறேன் என்கிறது. இந்த இடத்தில் 2024-25 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் தக்கைப்பூண்டு மாதிரிப் பசுந்தாள் விதைக்கு இடம் கொடுத்ததை நான் பாராட்டுவேன். கொல்லையிலேயே விளைந்து அங்கேயே மடக்கி உழுகிற தீனி அது. லாரி வாடகை இல்லை. அதே திட்டத்தில் உயிர் உரமும் இருக்கிறது, அதைப் பற்றி மேலே சொன்னதுதான். ஏரி வண்டலும் செம்மணல் கொல்லைக்கு நல்லது. அது நுண்ணுயிருக்காக இல்லை, களிமண்ணுக்காக. மணலில் மக்கு நிற்காது, களிமண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தண்ணீரும் அப்படித்தான்.

எல்லாம் சொன்ன பிறகும் "எங்க கொல்லைல அது வேலை செய்யுதே" என்கிறவர்கள் இருப்பார்கள். செய்யலாம். வீட்டிலேயே பார்த்துவிடலாம், சூரிச்சுக்குப் போக வேண்டாம். நம் சமையலறைப் பிரஷர் குக்கர் ஏறக்குறைய 120 டிகிரிக்குப் போகும். ஆய்வகத்துக் கொதிகலனும் அந்தச் சூட்டில்தான் கிருமியைக் கொல்கிறது. பொட்டலத்தைச் சரிபாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதியைத் துணியில் கட்டி, கிண்ணத்தில் வைத்து, விசில் வந்த பிறகு அரை மணி நேரம் வேகவிடுங்கள். (பழைய குக்கராகப் பார்த்து எடுத்தால் வீட்டில் சண்டை வராது.) ஆறியதும் உயிருள்ள பாதிக்கு ஒரு கலர் நூல், செத்த பாதிக்கு ஒரு கலர் நூல். எருவும் புண்ணாக்கும் எல்லாப் பாருக்கும் ஒரே அளவு. ஒரு பார் உயிருள்ளது, அடுத்த பார் செத்தது, இப்படியே மாற்றி மாற்றிப் பத்துப் பார். ஒரு பக்கம் முழுக்க ஒன்று, மறுபக்கம் முழுக்க மற்றொன்று என்று போடக் கூடாது. கொல்லையில் ஒரு மூலை எப்போதும் நன்றாக வரும், மோட்டார் பக்கத்து மூலை. பறிக்கிற ஒவ்வொரு தடவையும் பார் வாரியாக நிறுத்து எழுதுங்கள். எந்த நூல் எதற்கு என்று தெரிந்தவர் எடை போட வேண்டாம், வேறு யாராவது போடட்டும். கடைசிப் பறிப்பு முடிந்ததும் பாருக்கு நாலு செடி பிடுங்கி வேர் முடிச்சை எண்ணுங்கள். முடிச்சே இல்லை என்றால் 0, வேர் முழுக்க என்றால் 5.

யாராவது செய்து பார்த்தால் எடையை எனக்கு அனுப்புங்கள். உயிருள்ள பாரில் கூட வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இரண்டையும் இங்கே போடுகிறேன்.